எச்சரிக்கைதானுங்க, பிழையில்லை

அது ஒண்ணுமில்லீங்க, ஆரும் கூப்பிடல. எச்சரிக்கை வருது. வர்றப்பெல்லாம் டிங்குன்னு ஒரு சத்தம் போடும், நீங்க திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டாம். சத்தத்தை அமத்தி வெக்கலாம்தான். வெச்சா மேல இருந்து ஏதாச்சும் வந்தாலும் தெரியாமப் போயிரும், அப்புறம் அதுக்கு ஒரு மெமோ. சித்தெ அந்தப் பையை மடியில வெச்சுக்கறீங்களா? காலு நீட்டோணும். விடிஞ்சதுல இருந்து பஸ்ஸுலயே இருக்கறேன்.

எச்சரிக்கைன்னா வெள்ளம், புயலுன்னு நெனச்சுக்காதீங்க. கம்ப்யூட்டரு குடுக்கறது. நான் பால் ஒன்றியத்துல கணினிப் பிரிவு. எந்த ஒன்றியம்னு கேக்காதீங்க, சொன்னா பொல்லாப்பு. என்ற பேரு குழந்தைவேலு. நீங்க? வாத்தியாருங்களா? என்ன பாடமுங்க? தமிழா! அட, அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமே. இப்ப வேண்டாம், இப்பவே கேட்டா உங்களுக்கு வெளங்காது. கடைசியில கேக்கறேன்.

எங்ககிட்ட ஒரு செய்தி ஆப் இருக்குதுங்க. பாலஞ்சல்னு பேரு. பேரு நான் வெச்சதுதான். ஊரூரா இருக்கற சொசைட்டிக்காரங்க, காலையில பால் ஊத்தி முடிஞ்சதும் எத்தனை லிட்டரு, கொழுப்பு எத்தனைன்னு மிஷின் காட்டறதைப் போட்டோ புடிச்சு அதுல அனுப்புவாங்க. டேங்கர் வரலைன்னாலும் அதுலதான் சொல்லுவாங்க. அதைப் பாத்துத்தான் வேற வண்டியைத் திருப்பி விடறது. பாலு நமக்காகக் காத்திருக்காதுங்களே.

அந்த ஆப்பு சர்வருக்குள்ள ஒரு கண்டெய்னர்ல ஓடுது. லாரியில வர்ற பொட்டி இல்லீங்க. ஒரு ஆப்புக்கு வேணுங்கறதை எல்லாம் தனியாக் கட்டி வெச்ச ஒரு அறை மாதிரி, அவ்வளவுதான். நீங்களாச்சும் கேக்கலை. எங்க புது மேலாளர் கேட்டாரு, "அந்தக் கண்டெய்னர் எந்த யார்டுல நிக்குது? டயரெல்லாம் நல்லா இருக்குதா?"ன்னு. நானும், "நல்லா இருக்குதுங்கய்யா"ன்னுட்டேன். அதிகாரிகிட்டப் போயி நீங்க நெனைக்கறது தப்புங்கன்னு சொல்றது எனக்குப் பழக்கமில்லீங்க. சொல்லி என்ன ஆகப் போகுது?

அதையெல்லாம் பாத்துக்கிட்டது கோகிலவாணின்னு ஒரு புள்ளை. எம்.சி.ஏ. படிச்சது. தற்காலிகம். வந்ததுல இருந்தே தற்காலிகம். வேலையில குத்தம் சொல்ல முடியாதுங்க, வாய்தான் கொஞ்சம் நீளம். "சார், நீங்க டீ குடிக்கப் போறப்ப எதையும் அழுத்தாமப் போனாப் போதும், அதுவே பெரிய உதவி"ன்னு என்கிட்டயே சொல்லும். நான் கோவிச்சுக்கறதில்ல. நான் நிரந்தரம், அது தற்காலிகம். அதுக்கிட்டப் போயிக் கோவிச்சுக்கிட்டு என்னங்க பண்றது?

எனக்கு எப்படி வேலை வந்துச்சுன்னு கேக்கறீங்களா? எங்கப்பா அங்க டேங்கர் டிரைவரு. சர்வீஸ்ல இருக்கறப்பவே மாரடைப்புல போயிட்டாரு. கருணை அடிப்படையில எனக்கு வேலை போட்டுக் குடுத்தாங்க. அப்ப எனக்கு மீசைகூடச் சரியா முளைக்கல. அப்படி வந்தவிய எங்க ஆபீஸ்ல கொஞ்சம் பேரு இருக்கறோம். அப்பனை முழுங்கிட்டு உள்ள வந்தவங்கன்னு முதுகுக்குப் பின்னால பேசுவாங்க. பேசிட்டுப் போகட்டும். எங்கம்மாவுக்குக் கஞ்சி ஊத்துனது அந்த வேலைதான்.

சரி, கதைக்கு வர்றேன். போன ஐப்பசியில மழை நல்லாப் பேஞ்சுதுங்களா? மழை பேஞ்சாப் புல்லு, புல்லு வந்தாப் பாலு, பாலு வந்தாப் போட்டோ. அப்பத்தான் இந்தச் சனியன் ஆரம்பிச்சுது. டெம்ப்ரவரி டைரக்டரி நெறஞ்சுக்கிட்டு வருது, தேங்குனதை நீக்குன்னு இங்கிலீஷ்ல ஒரு எச்சரிக்கை. தெனமும் வரும். எனக்கு அதைப் பாத்தாலே கண்ணைக் கட்டும்.

கோகிலவாணியைக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, என்ன இது?"ன்னேன்.

"நம்ம டாக்குல கேன் எறக்கி வெக்கற மேடை இருக்குதல்ல சார்? கேன் அங்க சித்தெ நிக்கும், அப்புறம் பால் உள்ள போயிரும். அந்த மாதிரி, வர்ற போட்டோ எல்லாம் முதல்ல வந்து நிக்கற கோப்புறை அது. காலிக் கேனை எடுக்காம விட்டா மேடை நெறஞ்சுரும். அதைத்தான் சொல்லுது. எச்சரிக்கைதான் சார், பிழையில்ல. நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆப்பு நின்னு மறுபடி எந்திரிக்கறப்ப எல்லாம் பழைய குப்பை அப்படியே தங்கிப் போகுதுன்னு கண்டுபுடிச்சுது. அதைக் கூட்டித் தள்ளறதுக்குன்னே பக்கத்துல இன்னொரு குட்டிக் கண்டெய்னர் செஞ்சு வெச்சுது. அது அளவு பாத்து, ஓட விட்டுச் சரி பண்ண நாளாச்சுங்க. அந்த நாளு பூராவும் எச்சரிக்கை வந்துக்கிட்டே இருந்துச்சு.

அதுக்குள்ள மேல இருந்து ஒரு உத்தரவு. ஆட்சிமொழி ஆய்வுக்கு வர்றாங்களாம், ஆபீஸ்ல எந்தக் காகிதமா இருந்தாலும் தமிழ்ல இருக்கோணும், கம்ப்யூட்டர் குடுக்கற எச்சரிக்கையைக்கூடத் தமிழாக்கிப் போட்டு மேலாளர் பார்வைக்கு வெக்கோணும்னு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஏன்னா தமிழுன்னா நம்ம ஆபீஸ்ல நாந்தானுங்க. குறிப்பு வரைவுப் போட்டியில பரிசு வாங்குனவன். சான்றிதழு இன்னும் என்ற மேசைக் கண்ணாடிக்கு அடியில இருக்குது. நடுவரா வந்தவரு என்ற முதுகைத் தட்டி, "ஒரு சொல் கூடினாலும் குற்றம், ஐயா. சுருக்கமா எழுதறீங்க"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு இத்தனை வருசம் ஓட்டிட்டேன்.

மொதல்ல கோகிலவாணி சொன்ன மாதிரியேதான் எழுதுனேன். தற்காலிகக் கோப்புறை நிரம்பியுள்ளது, அதில் தேங்கியவற்றை நீக்கவும். அனுப்புன அன்னிக்கே மேலாளர் ரூம்ல இருந்து ஆளு வந்துருச்சு. எந்தக் கோப்பு நெறஞ்சுது, எடுத்துட்டு வாங்கன்னு. பதிவறையில இருந்த கோப்புக் கட்டுகளையெல்லாம் இறக்கி, தூசியில எல்லாருக்கும் தும்மல். கடைசியில என்னத்தையோ ஒரு பழைய கட்டைக் கொண்டு போயிக் குடுத்துத் தப்பிச்சோம். அதோட சரி, இந்தக் கோப்புறைங்கற சொல்லே வேண்டாம்னு எடுத்துட்டேன். சுருக்கமாவும் ஆச்சு, தலைவலியும் போச்சு.

இப்ப கேளுங்க, நான் எழுதுனது இது. எச்சரிக்கை: தற்காலிகங்கள் அளவுக்கு மீறித் தேங்கியுள்ளன. உடனே நீக்கவும்.

எப்படி இருக்குதுங்க? இருங்க, இருங்க, இப்பச் சொல்லாதீங்க.

கோகிலவாணி வந்து எட்டிப் பாத்துது. "கோப்புறை எங்க சார்?"

"எடுத்துட்டேங்கண்ணு. அதனாலதான் அத்தனை ரோதனை."

"அது இல்லாமப் படிச்சா வேற ஆரையோ சொல்ற மாதிரி இருக்குதே சார்."

"எச்சரிக்கைதானே கண்ணு, பிழையில்லையே"ன்னேன். அது சொன்னதையே அதுக்குத் திருப்பிச் சொன்னேன். அப்ப அதுவும் சிரிச்சுதுங்க. நான் கண்ணால பாத்தேன், சிரிச்சுது.

தெனமும் ஒண்ணு மேலாளர் மேசைக்குப் போச்சு. அவரு பச்சை மையில கையெழுத்துப் போட்டு வெச்சுக்கிட்டாரு. அந்தச் சமயத்துலதான், தற்காலிகத்துல இருக்கறவங்களை நிரந்தரம் பண்ணற பேச்சு போர்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. லேப்புல பால் சோதிக்கறவிய, டாக்குல இருக்கறவிய, கோகிலவாணி, எல்லாரும் அதுல உண்டு. அதுக்கு ஒரு சட்டம் இருக்குதுங்க, நடுவுல ஒரு நாளுகூட விடாம வேலை பாத்திருக்கோணும். முறிவு விழுந்துட்டா முன்னால பாத்த வருசம் அத்தனையும் செல்லாது. அந்தப் புள்ளை பிரசவத்துக்குக்கூட லீவு முறையா எடுக்கலீங்க. கைக்குழந்தையைத் தூளியில போட்டுட்டு வந்து உக்காந்து வேலை செஞ்சுது. முறிவு விழுந்துருமேங்கற பயம்.

அப்புறம் ஒரு நாள் ஆணை வந்துச்சு. தற்காலிகங்கள் அனைத்தும் உடனடியாக நீக்கப்படுகின்றன. பார்வை, கணினிப் பிரிவின் தொடர் எச்சரிக்கைகள்.

அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து என்ற மேசை மேல வெச்சுது. அந்தப் பார்வைங்கற வரி மேல வெரலை வெச்சுக்கிட்டு, "படிங்க சார்"னுது.

படிச்சேன். "தமிழ் நல்லாத்தான் இருக்குது"ன்னேன்.

நேரா போயி, குழாயடியில டிபன் பாக்ஸைக் கழுவி, பையில போட்டுக்கிட்டுப் போயிருச்சு. பொய் சொல்லல. அன்னிக்குச் சோறு எறங்கல. ஆனா நான் என்னங்க பண்ணட்டும்? மேலாளர் மனசுல ஏற்கெனவே இருந்திருக்குது. ஆளுங்களைக் கழிக்கறதுக்கு ஒரு சாக்கு தேடிக்கிட்டு இருந்தவருக்கு அந்தப் பாழாப்போன சாஃப்ட்வேரு எடுத்துக் குடுத்துருச்சு. அதுக்கு எச்சரிக்கை குடுக்கறதைத் தவிர வேற பொழப்பே இல்ல.

நீங்க கேக்கறது புரியுது. போயி மேலாளர்கிட்ட வெளக்கிச் சொல்லியிருக்கலாமேன்னு. கையெழுத்துப் போட்டு, ஆணை நம்பர் விழுந்து, ஊரெல்லாம் போனதுக்கப்புறம், ஐயா நீங்க படிச்சது தப்புங்கன்னு எப்படிங்க சொல்றது? அவருக்கு அவமானம். எனக்கும் நல்லதில்ல.

நீக்குனவங்க பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்தும் எடுக்கச் சொல்லி உத்தரவு. எடுத்தேன். அந்தக் கூட்டற கண்டெய்னரை அந்தப் புள்ளை தன்ற பேருல ஓட விட்டிருந்திருக்குது, எனக்கு என்ன தெரியும்? பேரை எடுத்ததும் அது கூட்டறதை நிறுத்திக்கிச்சு. கோப்புறை நெறஞ்சு போச்சு. போட்டோ எல்லாம் போயிக்கிட்டே இருக்குது, போயிச் சேரவே மாட்டேங்குது. ஒரு ஊருல இருந்து டேங்கர் வரலை, டேங்கர் வரலைன்னு காலையில இருந்து அனுப்பியிருக்கறாங்க. ஒண்ணுகூட எங்களுக்கு வரல. வெயில்ல நின்ன பாலு பூராவும் திரிஞ்சு போயி, பொம்பளைங்க வாய்க்கால்ல கொட்டிட்டுப் போனாங்களாம். அந்த ஊரு செயலாளரு என்னைப் போன்ல கேட்ட கேள்வியை இந்தப் பஸ்ஸுல சொல்ல முடியாதுங்க.

நானே நோண்டிப் பாத்தேன். கூட்டாத கண்டெய்னரு எதுக்குன்னு, எதெது ஓடோணும்னு எழுதி வெச்சிருக்கற அமைப்புல இருந்து அதைப் பத்தின வரிகளை எடுத்துட்டேன். கோப்புறையையும் கையாலயே காலி பண்ணி விட்டேன். கொஞ்சம் ஓடுச்சு. ஆனா பாருங்க, இப்ப வேற ஒரு எச்சரிக்கை. பழைய எச்சரிக்கையையாச்சும் பழகியிருந்தேன். இது புதுசு. அநாதைக் கண்டெய்னர் இருக்குது, நீக்கறதுன்னா நீக்கலாம்னு சொல்லுது. நான் எடுத்துட்ட வரிதான் அதுக்குத் தாய் தகப்பன் மாதிரியாம். அது போன பொறவும் இது உள்ளயே நின்னுக்கிட்டு இருக்குதாம். இப்ப டிங்குன்னுதே, அதுதான் இது.

இதையும் தமிழாக்கி மேல அனுப்போணும் அல்லங்க? அநாதைன்னு எழுத எனக்கு மனசு வரலீங்க. நானும் அப்பன் இல்லாதவன்தானே, அந்தச் சொல்லை என்னைப் பாத்தே சொல்லியிருக்கறாங்க. நேத்து பூரா யோசிச்சு, காலையில பஸ் ஏறறதுக்கு முன்னால மேலாளருக்குப் பாலஞ்சல்லயே அனுப்பிட்டேன். எச்சரிக்கை: பெற்றோரை இழந்ததால் உள்ளே இருப்பவை கண்டறியப்பட்டுள்ளன. நீக்கலாம். எத்தனை கௌரவமா இருக்குது பாருங்க.

அனுப்பிட்டுத்தான் கோகிலவாணி ஊருக்குப் போனேன். வேற வழி? மேலாளரே சொல்லிட்டாரு, "எப்படியாச்சும் சரி பண்ணுங்க, ஆரைக் கேட்டாவது"ன்னு. அந்த ஆரைன்னு பேரு சொல்ல அவருக்கும் வாய் வரலை.

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்ததும் மொகம் மாறுச்சு. ஆனா வாங்க சார்னு பாய் விரிச்சு, மோரு கொண்டாந்து குடுத்துது. கோளாறைச் சொன்னேன். போனை வாங்கிப் பாத்து, என்ன பண்ணோணும்னு ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு, எழுதிக்கிட்டேன். கடனேன்னு சொல்லலீங்க, முழுசாச் சொல்லுச்சு.

அப்புறம், "சார், நானும் ஒண்ணு கேக்கறேன்"னுது. "வெள்ளிக்கிழமை போர்டு கூடுது. அதுக்குள்ள ஆணையை ரத்து பண்ணிட்டா, நடுவுல போன நாளை லீவுன்னு வெச்சுக்கலாம்னு சொல்றாங்க. முறிவு விழாது. நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. எச்சரிக்கை கோப்புறையைப் பத்தினது, ஆளுங்களைப் பத்தினது இல்லைன்னு. உங்க கையெழுத்தோட. அது போதும் சார் எனக்கு. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்."

குழந்தை அம்மா முந்தானையைப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்துது. நெசமாலுமே எழுதிக் குடுத்துரலாம்னு பேனாவைத் தொட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. அப்படி எழுதுனா என்ன அர்த்தம்? ஒண்ணு, மேலாளருக்குத் தமிழ் தெரியலைன்னு ஆகும். இல்லைன்னா எனக்குத் தெரியலைன்னு ஆகும். ரெண்டுல எதைங்க நான் எழுத்துல குடுக்கறது? "பாக்கலாங்கண்ணு, வாயால சொல்லிப் பாக்கறேன்"ன்னேன்.

அது அழுகலீங்க. அழுதிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. போனைத் திருப்பிக் குடுக்க வந்துது, அப்பப் பாத்து டிங்குன்னு அடிச்சுது. என்னவோன்னு பாலஞ்சலைத் தொறந்து பாத்த புள்ளை, நான் காலையில மேலாளருக்கு அனுப்புனதைப் படிச்சுது. ரெண்டு தடவை படிச்சுது.

"சார், இதை அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேங்கண்ணு. படிச்சுட்டாருன்னு நீலக் குறிகூட விழுந்துருச்சு."

போனை என்ற கையில குடுத்துச்சு. அப்புறம், "உங்கப்பா எப்ப சார் தவறுனாரு?"ன்னு கேட்டுது. சொன்னேன். அத்தனை கஷ்டத்துலயும் நம்ம அப்பனைப் பத்தி விசாரிக்குதே, நல்ல மனசுன்னு நெனச்சுக்கிட்டேன். உள்ள போயி இன்னொரு சொம்பு மோரு கொண்டாந்து, "குடிங்க சார், நல்லாக் குடிங்க"ன்னுது.

கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்துது. "அந்த ஒரு வரி எனக்கு வேண்டாம் சார். எப்படி எழுதறதுன்னு மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கங்க. உங்களுக்கு வேண்டியிருக்கும்"னுது.

என்ன சொல்லுச்சுன்னே புரியலீங்க. வேலை போன வருத்தத்துல என்னமோ பேசுது, பாவம்.

இப்பச் சொல்லுங்க வாத்தியாரே. நீங்க தமிழ் படிச்சவரு. தற்காலிகங்கள்னு நான் எழுதுனதுல இலக்கணப் பிழை ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்லைதானே? ரெண்டாவது எழுதுனதுல? அதுலயும் இல்ல. என்னங்க, என்னையே அப்படிப் பாக்கறீங்க?

இருங்க, மறுபடியும் டிங்குன்னுது. இது எச்சரிக்கை இல்லீங்க, மேலாளரே அனுப்பியிருக்கறாரு. கண்ணாடியைக் காணோம், சித்தெ நீங்களே படிங்களேன்.

என்ன? கருணை அடிப்படையில் வந்தவர்கள் எத்தனை பேர், பெயர்களுடன் உடனே வரவும். அப்படியா போட்டிருக்குது? இன்னொருக்காப் படிங்க.

அட! பாத்தீங்களா? வருசக்கணக்காப் பதவி உயர்வு கேட்டுக்கிட்டு இருந்தோம், இப்பத்தான் காது கேட்டிருக்குது. இருங்க, பேரெல்லாம் இங்கயே அடிச்சு அனுப்பிடறேன். ஆபீஸ் போற வரைக்கும் அவரை எதுக்குக் காக்க வெக்கறது? என்னங்க, கையைப் புடிக்கறீங்க? விடுங்க வாத்தியாரே, ஸ்டாப் வருது, எறங்கோணும். மொதல் பேரு என்னுதுதானுங்க. அங்க அப்படி உள்ள வந்தவங்கள்ல நாந்தான் சீனியரு.